கடை பில்லை வாட்ஸ்அப்பில் கொடுத்தால் போதுமா? வேலூர்ப் பக்கத்துக் கடைக்காரர்கள், வாங்குபவர்கள் சொல்லுங்கள்

சுவிட்ச்போர்டு | மே 9, இரவு 10.20

வணக்கம். லாங்கு பஜாருக்குப் பக்கத்துச் சந்தில் மிக்சி, ஃபேன், ஒயர், பல்பு விற்கிற கடை எங்களுடையது. அப்பா காலத்தில் கார்பன் வைத்த பில் புக். இப்போது கம்ப்யூட்டரும் மூன்று இஞ்ச் தெர்மல் பிரிண்டரும்.

போன வாரம் அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மிக்சியைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். மோட்டார் போய்விட்டது. இரண்டு வருட வாரண்டியில் இன்னும் நாலு மாதம் பாக்கி இருப்பதாகச் சொன்னார். பில் இருக்கிறதா என்று கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். வாரண்டி அட்டையோடு சேர்த்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்தாராம். அவ்வளவு பத்திரம். ஆனால் அதில் ஒரு எழுத்துகூட இல்லை. மேலே எங்கள் கடைப் பெயர் இருந்த இடத்தில் லேசாக ஒரு பழுப்புக் கறை, அவ்வளவுதான்.

"இன்னா நைனா, வெத்துப் பேப்பரு குடுத்துகீற?" என்று கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

எங்கள் கம்ப்யூட்டரில் தேடினால், ரொக்க விற்பனைக்கெல்லாம் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'கேஷ்' என்றுதான் இருக்கிறது. எந்த மாதம் வாங்கினார் என்பதும் அவருக்குச் சரியாக நினைவில்லை. "ஆடித் தள்ளுபடி போர்டு மாட்டியிருந்துச்சு" என்றார். அதை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் தேடி, மறு பிரதி எடுத்து, சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன்.

இது நடந்து மூன்றாம் நாள், சொல்லி வைத்தாற்போல ஒரு சேல்ஸ்மேன் தம்பி வந்தார். டிஜிட்டல் பில் சாப்ட்வேர், மாதக் கட்டணம், பேப்பரே வேண்டாம், வாடிக்கையாளர் நம்பரும் சேரும், பண்டிகைக்கு ஆஃபர் அனுப்பலாம், மரத்தையும் காப்பாற்றலாம் என்று அடுக்கினார். யாராவது பயன்படுத்துகிறீர்களா? உண்மையில் உபயோகமா, இல்லை இன்னொரு மாதச் செலவா?

காட்பாடி மாமா | மே 9, இரவு 11.05

வாங்குபவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன் தம்பி. தயவுசெய்து அந்த 'நம்பர் சொல்லுங்க சார்' வியாதியை ஆரம்பித்துவிடாதீர்கள்.

ஒரு பெரிய துணிக்கடையில் கைக்குட்டை வாங்கப் போனேன். மூன்று கைக்குட்டை, அவ்வளவுதான். நம்பர் சொன்னால்தான் பில் போட முடியும் என்றது கவுண்டரில் இருந்த பெண். சிஸ்டம் ஏற்காதாம். பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். வெட்கப்பட்டுச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஆடி, தீபாவளி, பொங்கல், அட்சய திருதியை என்று என் பேத்தி பிறந்த நாளுக்குக்கூட வராத அளவுக்கு மெசேஜ் வருகிறது. நான் வாங்கிய பில் மட்டும் இன்றுவரை வரவில்லை.

2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதைப் பற்றி வணிகர்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. மொபைல் நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கட்டாயப்படுத்துவது நியாயமற்ற வணிக நடைமுறை என்பது அதன் சாரம். எத்தனை கவுண்டரில் இது தெரியும்?

மருந்து நெடி | மே 10, அதிகாலை 12.40

இப்போதுதான் கடை அடைத்துவிட்டு வந்தேன். ஆற்காடு ரோட்டில் ஆஸ்பத்திரி எதிரே ஒரு மெடிக்கல்ஸில் பதினோரு வருடமாகக் கவுண்டரில் நிற்கிறேன். சுவிட்ச்போர்டு அண்ணா கேட்டதற்கு எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன்.

எங்கள் கடைக்கு வருபவர்களில் பாதிக்கு மேல் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வெளியூரிலிருந்து வந்தவர்கள். மேற்கு வங்கம், அசாம், ஜார்க்கண்ட், பங்களாதேஷ். அந்தத் தெருவில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பெங்காலியிலும் இந்தியிலும் எழுதாத போர்டே கிடையாது. இருபது நாள், ஒரு மாதம் என்று லாட்ஜில் தங்குவார்கள். ஊர் திரும்பியதும் அலுவலகத்திலோ இன்சூரன்சிலோ செலவை வாங்க வேண்டும். அதற்கு ஆதாரம் பில்தான். அதனால் மருந்துக்கு முன்னால் அவர்கள் கேட்பது "பக்கா பில்".

அந்தப் பில்கள் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒரு மாதத்துத் துண்டுகளை எல்லாம் எக்ஸ்ரே கவரிலோ மஞ்சள் பையிலோ போட்டு, காட்பாடியில் ரயில் ஏறி, ஒன்றரை நாள், இரண்டு நாள் பயணம். வியர்வை, தண்ணீர் பாட்டில், தைல டப்பா எல்லாம் அதே பையில். ஊரில் போய்ப் பிரித்தால் பாதி தெரியாது. அப்புறம் அங்கிருந்து போன் வரும், "தாதா (பெங்காலியில் அண்ணா), பதினாலாம் தேதி பில் மறுபடி அனுப்புங்கள்" என்று. ஒரு காலத்தில் நாங்கள் அதைப் பிரிண்ட் எடுத்து, சீல் போட்டு, கூரியரில் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

மூன்று வருடமாக பில் போட்டதுமே பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் போய்விடுகிறது. மருந்தின் பெயர், பேட்ச் நம்பர், காலாவதித் தேதி, டாக்டர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். இதில் நாங்கள் எதிர்பார்க்காத ஒரு லாபமும் வந்தது. ஊரில் மருந்து தீர்ந்ததும் அந்தப் பில்லையே அங்குள்ள கடையில் காட்டி, அதே மருந்து, அதே மில்லிகிராம் என்று வாங்குகிறார்கள். கிடைக்காதபோது எங்களுக்கே அனுப்பி "இது இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். வேலூரில் ஒரு தடவை வாங்கிவிட்டுப் போனவர் இரண்டு வருடம் கழித்தும் வாடிக்கையாளர். எந்த ஆஃபர் மெசேஜும் நாங்கள் அனுப்பியதில்லை.

ஆனால் ஒன்று. பேப்பரை நிறுத்தவில்லை. பல அலுவலகங்களில் இன்னமும் சீலும் கையெழுத்தும் உள்ள ஒரிஜினல்தான் கேட்கிறார்கள். ஆகவே கையில் ஒன்று, போனில் ஒன்று.

ராணிப்பேட்டை கணக்கர் | மே 10, காலை 9.15

ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பது என் தொழில். நாலைந்து விஷயங்களைத் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் இவை குழம்பிப்போகும்.

பில் பேப்பரில்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. முறையான மின்னணு இன்வாய்ஸுக்குக் கையெழுத்துகூடத் தேவையில்லை என்று ஜிஎஸ்டி விதி 46இலேயே சேர்த்துவிட்டார்கள். இருக்க வேண்டிய விவரங்கள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடையின் ஜிஎஸ்டி பதிவு எண் (ஜிஎஸ்டிஐஎன்), வரிசை எண், தேதி, பொருள், வரி. சில கடைகள் வாட்ஸ்அப்பில் 'நன்றி, நீங்கள் 1,840 ரூபாய் செலுத்தினீர்கள்' என்று ஒரு வரி அனுப்பிவிட்டு அதை டிஜிட்டல் பில் என்கிறார்கள். அது பில் இல்லை. யுபிஐ ஸ்கிரீன்ஷாட்டும் அப்படித்தான். பணம் போனதற்குத்தான் அது சாட்சி. எந்தப் பொருளுக்குப் போனது என்பதற்கு இல்லை. மிக்சி வாங்கினீர்களா, மின்விசிறி வாங்கினீர்களா என்று அந்தப் படம் சொல்லுமா?

200 ரூபாய்க்குக் குறைவான விற்பனைக்கு, வாங்குபவர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவராக இருந்து அவர் கேட்கவும் இல்லையென்றால் தனித்தனிப் பில் அவசியமில்லை. அன்றைய நாளின் முடிவில் மொத்தமாக ஒன்று போட்டால் போதும். கேட்டால் கொடுத்துதான் ஆக வேண்டும்.

கணக்குகளை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் தெரியுமா? அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். ஆறு வருடம். தெர்மல் பேப்பரில் எடுத்த கடைப் பிரதியைக் கட்டுக் கட்டாகச் சாக்கில் போட்டு என்னிடம் கொண்டு வருகிறார்கள். இரண்டாவது வருடமே அது வெள்ளைக் காகிதம். டிஜிட்டல் பில்லால் கடைக்காரனுக்கு முதல் நன்மை இதுதான் என்பேன். வாடிக்கையாளருக்கு அனுப்புகிறோமோ இல்லையோ, நம்மிடம் ஒரு பிரதி அழியாமல் இருக்கும். ஒரே கம்ப்யூட்டரில் மட்டும் வைத்துவிட்டு, ஹார்ட் டிஸ்க் போனதும் என்னிடம் அழக்கூடாது. பேக்கப் எடுங்கள்.

இன்னொன்று. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாக வருகிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம். இரண்டு வருடம் எழுத்து நிற்காத பேப்பரில் அந்த உரிமையை அச்சடித்துக் கொடுக்கிறோம்.

குடியாத்தம் அக்கா | மே 10, மதியம் 2.30

நான் கடைப்படியை இறங்குவதற்குள் பில்லைப் போட்டோ எடுத்துவிடுவேன். பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

எங்கள் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் பில் அழிந்துவிடக் கூடாது என்று லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோனார். மிஷினுக்குள் வெள்ளையாகப் போன பில் மறுபக்கம் கன்னங்கரேலென்று வந்தது. லேமினேஷன் பையன் இவரைப் பார்க்க, இவர் அவனைப் பார்க்க... அதற்கும் இருபது ரூபாய் வாங்கிக்கொண்டான். இன்னும் வீட்டில் இருக்கிறது. நேர்த்தியாக லேமினேட் செய்த கறுப்பு அட்டை.

வாலிப வாலாஜா | மே 10, மாலை 6.50

அக்கா, சிரித்து முடியவில்லை. ஆனால் காரணம் இருக்கிறது.

அந்தத் தெர்மல் பிரிண்டரில் மையே கிடையாது. பேப்பரின் மேல் ஒரு ரசாயனப் பூச்சு இருக்கும். பிரிண்டரின் தலை சூடாகித் தொட்ட இடம் மட்டும் கறுக்கும். எந்தப் பில்லையும் எடுத்து நகத்தால் வேகமாகக் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழும். லேமினேஷன் மிஷின் முழுப் பேப்பரையும் சூடாக்குகிறது, முழுப் பேப்பரும் 'பிரிண்ட்' ஆகிவிடுகிறது. மெதுவான சூடும் வெளிச்சமும் எண்ணெயும் பட்டால் நேர் எதிராக எழுத்து வெளுக்கும். சில வகைப் பிளாஸ்டிக் உறையில் உள்ள பொருளும் எழுத்தை அழிக்கும். அணைக்கட்டு அம்மா பத்திரம் என்று நினைத்துப் போட்ட உறைதான் பில்லைத் தின்றிருக்கும். அதுவும் நம் ஊர் வெயிலில். வேலூர் இல்லை, வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்தப் பூச்சில் பல காலமாக பிஸ்பினால்-ஏ என்ற பொருளைச் சேர்த்து வந்தார்கள். உடலின் ஹார்மோன்களோடு விளையாடும் பொருள் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் தெர்மல் பேப்பரில் அதை 2020 ஜனவரியிலிருந்து மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. எப்போதோ ஒரு பில் வாங்கும் நமக்கு அல்ல, நாள் முழுக்கக் கிழித்துக் கொடுக்கிற கவுண்டர்காரர்களுக்குத்தான் அதிகம் படும். பிரான்சில் 2023 ஆகஸ்டிலிருந்து, வாங்குபவர் கேட்டால்தான் பில் அச்சடிக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள்.

காட்பாடி மாமாவின் பிரச்சினைக்கும் வழி இருக்கிறது. பில் முடிந்ததும் கவுண்டர் திரையில் ஒரு கியூஆர் கோடு வரும்படி செய்யலாம். வேண்டுகிறவர் போனில் ஸ்கேன் செய்தால் பிடிஎஃப் இறங்கிவிடும். நம்பர் கேட்க வேண்டியதே இல்லை.

மண்டி வீதி | மே 10, இரவு 9.10

எல்லாரும் ரொம்ப நல்லவர்களாக இருக்கிறீர்கள். எங்கள் மளிகைக்கு வந்து பாருங்கள். காலை ஆறு மணிக்கு அரை கிலோ துவரம்பருப்பு, நூறு கிராம் சீரகம். பில்லா? துண்டுச் சீட்டில் கூட்டிப் போட்டுக் கொடுத்தால் அதையே கீழே போட்டுவிட்டுப் போகிறார்கள். இவர்களிடம் கியூஆர் காட்டினால் பணம் கட்டச் சொல்கிறேன் என்று நினைத்து இரண்டாவது தடவை பணம் அனுப்பிவிடுவார்கள். (உண்மையில் ஒருவர் அனுப்பிவிட்டார்.)

ஆனால் மாதக் கணக்கு வைத்திருக்கும் வீடுகளுக்கும் ஓட்டல்களுக்கும் ஒவ்வொரு தடவையும் சாமான் போன பட்டியலை வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறேன். முன்பெல்லாம் ஒன்றாம் தேதி ஆனால் தகராறு. "நாங்க அந்த வாரம் எண்ணெயே வாங்கலியே" என்பார்கள். நோட்டில் இருப்பது என் கையெழுத்து, அவர் எப்படி நம்புவார்? இப்போது அன்றன்றைக்கே அவர் போனில் கிடக்கிறது. ஆறு மாதமாக எண்ணெய்த் தகராறு இல்லை. என்னைக் கேட்டால் இதுதான் டிஜிட்டல் பில்.

சந்தேகப் பேர்வழி | மே 11, காலை 7.30

யாரும் பேசாத ஒன்று. வாட்ஸ்அப்பில் 'உங்கள் பில்' என்று வரும் எல்லாமே பில் இல்லை. ஏபிகே என்று முடியும் கோப்பாக வந்தால் அது செயலி, திறந்தால் போனே அடுத்தவன் கைக்குப் போய்விடும். கடைகள் எல்லாம் வாட்ஸ்அப்பில் பில் அனுப்பிப் பழக்கினால், மோசடிக்காரனுக்கு அதுவே பாய் விரித்த மாதிரி. பிடிஎஃப் தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

சுவிட்ச்போர்டு தம்பி, அந்த சேல்ஸ்மேனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். உங்கள் வாடிக்கையாளர்களின் நம்பரும், யார் என்ன வாங்கினார்கள் என்பதும் யாருடைய கம்ப்யூட்டரில் இருக்கும்? நீங்கள் சந்தாவை நிறுத்தினால் பழைய பில்கள் திறக்குமா?

சுவிட்ச்போர்டு | மே 12, இரவு 10.45

கேட்டேன் அண்ணா. முதல் கேள்விக்கு "கிளவுட்ல சார்" என்றார். இரண்டாவதற்கு "மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன்" என்று போனவர், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பேப்பர் மிச்சம் என்றாரே, அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐம்பது மீட்டர் ரோல், என் பில் சராசரியாக இருபது சென்டிமீட்டர். ஒரு ரோலுக்கு 250 பில். எனக்கு ஒரு ரோல் நாலைந்து நாள் வருகிறது. இதை மிச்சம் பிடித்து அவருடைய மாதக் கட்டணத்தைக் கட்ட முடியாது. சூப்பர் மார்க்கெட்டுக்கு வேண்டுமானால் கட்டுப்படியாகும். நான் தினமும் கடைக்கு வருவதே காகிதப்பட்டறை வழியாகத்தான். பெயரிலேயே காகிதம் வைத்திருக்கிற ஊர்க்காரனிடம் பேப்பரை ஒழி என்றால் கொஞ்சம் கூடுதலாகவே காரணம் சொல்ல வேண்டாமா.

எனக்கு லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. மருந்து நெடி தம்பி சொன்னதைப் படித்ததும்தான் பிடிபட்டது. பில்லில் பொருளின் சீரியல் நம்பரையும் ஏற்றினால், வாரண்டிக்கு வரும்போது மிக்சியின் அடியில் உள்ள நம்பரை அடித்தாலே பில் வந்து நிற்கும். வாங்கியவர் பெயரோ, ஆடியா ஆவணியா என்பதோ தேவையில்லை. வேறு கடையில் வாங்கிய ஃபேனை என்னிடம் மாற்ற வருகிற ஆட்களும் இருக்கிறார்கள், அதற்கும் முடிவு.

மருந்து நெடி | மே 12, இரவு 11.30

சீரியல் நம்பர் ஐடியா அருமை அண்ணா. எங்களுக்கு பேட்ச் நம்பர் மாதிரி. ஏதாவது பேட்சைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவு வந்தால் யார் யாருக்குப் போயிருக்கிறது என்று உடனே பார்க்க முடியும்.

காட்பாடி மாமா | மே 13, காலை 6.10

நம்பர் கேட்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே தம்பி.

சுவிட்ச்போர்டு | ஜூலை 6, இரவு 10.05

இரண்டு மாதம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த சாப்ட்வேர் வாங்கவில்லை. என்னிடம் இருக்கும் பில்லிங் சாப்ட்வேரிலேயே பிடிஎஃப் எடுக்க முடிகிறது. இத்தனை வருடம் அந்தப் பொத்தானை நான் பார்த்ததே இல்லை. கடைக்கென்று ஒரு போன், அதில் இலவச வாட்ஸ்அப் பிசினஸ். வாரண்டி உள்ள சாமான்களுக்கு மட்டும் "பில் போன்ல வேணுங்களா?" என்று கேட்கிறோம். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறோம். கைப்பில் எல்லாருக்கும் உண்டு. வாரண்டி சாமானுக்கு அதை ஏ4 தாளில் லேசர் பிரிண்டரில் எடுத்துத் தருகிறேன், வெளுக்காது. ஒயர், பல்புக்குப் பழைய தெர்மல்தான். மாமா, ஆஃபர் மெசேஜ் அனுப்புவதில்லை என்று கவுண்டரில் எழுதியே ஒட்டிவிட்டேன். ஆடி வருகிறது, கை அரிக்கத்தான் செய்கிறது.

கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் வேண்டும் என்கிறார்கள். வயதானவர்கள் மகன் நம்பரையோ மகள் நம்பரையோ கொடுக்கிறார்கள். ஒரு பெரியவர், ஓசூரில் வேலை பார்க்கும் மகனுக்கு பில் போனதும், "எவ்ளோக்கு வாங்குனேன்னு அவனுக்குத் தெரிஞ்சிடுச்சே" என்று சங்கடப்பட்டார். அதை நான் யோசிக்கவே இல்லை.

கணக்கர் சார் சொன்ன பேக்கப், ஞாயிற்றுக்கிழமை தோறும் வெளியில் ஒரு டிஸ்க்கில் எடுக்கிறேன். இரண்டு ஞாயிறு மறந்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு குளறுபடியும் நடந்தது. போன வாரம் எங்கள் பையன் நம்பரில் ஒரு இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டான். சத்துவாச்சாரியில் ஒருவர் வாங்கிய டில்டிங் கிரைண்டர் பில், வாணியம்பாடியில் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் அவர் போன் செய்தார். பில் வந்துவிட்டது, கிரைண்டர் எப்போது வரும் என்றார்.

இப்போது அனுப்புவதற்கு முன் கடைசி நாலு இலக்கத்தை வாங்குபவரிடம் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கிறோம்.

குடியாத்தம் அக்கா | ஜூலை 6, இரவு 10.40

தம்பி, அந்த வாணியம்பாடிக்காரர் நம்பர் ஒன்பதில் முடிகிறதா? எங்கள் சின்ன மாமனார் ஒரு வாரமாக யாரோ கிரைண்டர் அனுப்பப்போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.